வெளுத்த கல்

பாத்திரக் கடையின் இரண்டாவது மாடியில், தேய்க்கும் சாமான்கள் தொங்கும் சுவருக்கு எதிரே தவமணி நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். வேறு எதையோ வாங்க வந்தவர்கள் போகிற போக்கில் கையை நீட்டி ஒன்றைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு போகிற இடம் அது. யாரும் நின்று யோசிக்கிற இடமில்லை. தேங்காய் நார் தொங்கியது, காய்ந்த பீர்க்கங்கூடு தொங்கியது, பச்சை ஸ்க்ரப்பர் சிறிதும் பெரிதுமாக அட்டையோடு தொங்கியது, மரப்பிடி போட்ட பிரஷ், நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான பிளாஸ்டிக் சுரண்டி, கடைசி ஆணியில் வளையம் வளையமாகக் கோத்த, கைக்குட்டை அளவுள்ள ஓர் இரும்பு வலை. கம்பி நார் மட்டும் சுவரில் இல்லை. அது அவள் காலடியில் ஒரு கூடையில் உருண்டை உருண்டையாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே மற்றவற்றை அவள் இத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சுகிர்தா பெங்களூரிலிருந்து வருகிறாள். வந்து தன் அம்மாவின் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். அந்தக் கல் இப்போது உறையூர் வீட்டில் அடுப்பு மேடையின்மேல், கூழாங்கல் போல வெளுத்து, ஓரங்களில் செம்மண் தூவியது போலத் துருவேறிக் கிடக்கிறது. சுகிர்தாவின் அம்மா கோமளா இறந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. கோமளாவின் கணவர் சபாபதியைத் தவமணி போன வருஷம் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். ஐம்பது வயதில் முதல் கல்யாணம். அந்த வீட்டில் கோமளாவின் கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரே சாமானை, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, கம்பி நாரால் ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்து வெளுக்கவைத்தவள் அவள்தான். இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இல்லை. காலையிலிருந்து பஸ்ஸிலும் படியேறும்போதும் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அழுக்கு என்று நினைத்துவிட்டேன் என்று ஒருமுறை. உனக்குச் சுத்தமாகக் கொடுக்கலாமே என்றுதான் என்று ஒருமுறை. கடைசியில்தான் இந்த யோசனை வந்தது: இந்த மாதிரிக் கல்லுக்குத் தோதான சாமான் ஒன்றை வாங்கிக் கல்லோடு வைத்துக் கொடுத்துவிட்டால், செய்தது தெரியாமல் செய்தது என்று ஆகிவிடும். தெரியாதவள்தானே தெரிந்துகொண்டு வாங்கி வருவாள்.

சீருடைச் சேலையில் இருந்த விற்பனைப் பெண் பக்கத்தில் வந்து நின்று, எந்தப் பாத்திரத்துக்கு வேண்டும், நான்ஸ்டிக்கா என்று கேட்டாள். காஸ்ட் அயர்ன் தோசைக்கல் என்றாள் தவமணி. இரும்புதானேக்கா, எதைப் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அந்தப் பெண் குனிந்து கூடையிலிருந்து கம்பி நார் ஒன்றை எடுத்து நீட்டினாள். தவமணியின் கை தானாகப் பின்னால் போயிற்று. அதெல்லாம் இந்தக் கல்லுக்கு ஆகாதும்மா என்று அவள் சொன்ன குரல் அவளுக்கே பழைய குரலாகக் கேட்டது, வார்டு நர்ஸ்கள் பயந்த குரல். அப்படியென்றால் இது என்று பெண் இரும்பு வலையைக் கழற்றிக் கொடுத்தாள். அது கையில் குளிர்ந்து, தண்ணீர் போல விரலிடுக்கில் வழிந்தது. சாமான் பிடித்த கையோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியம்மாள் நின்று பார்த்து, இது என்ன நாய்க்குட்டி கழுத்துக்கா என்று கேட்டாள். பாத்திரம் தேய்க்கிறதாம்மா, நானே இதுவரைக்கும் ஒன்றுகூட விற்றதில்லை என்றாள் விற்பனைப் பெண் உள்ளதை மறைக்காமல். என் மருமகள் கண்ணில் காட்டிவிடாதே, நாளைக்கே வாங்கிவிடுவாள், தேய்க்க மட்டும் மாட்டாள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நகர்ந்தாள். தவமணி வலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். வளையங்கள் உருண்டையாக இருந்தன, முனை இல்லை, கீறாது. ஒட்டியதை மட்டும் எடுக்கும், அடியில் இருப்பதை விட்டுவிடும். ஒட்டியது எது, அடியில் இருப்பது எது என்று இந்த வளையத்துக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்றா? அவளுக்கா? ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டெரிலைசேஷன் பிரிவில், அறுவை அறையிலிருந்து வரும் சாமான்களைக் கழுவி நீராவியில் வைத்து எடுத்துக் கொடுக்கும் இடத்தில், அவள் பொறுப்பாளராக இருந்தவள். கத்தரியின் பல்லுக்கு ஒரு பிரஷ், குழாயின் உள்பக்கத்துக்கு ஒரு பிரஷ், கீலுக்கு ஒன்று, இடுக்கிக்கு ஒன்று. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்வாள்: கறை போகவில்லை என்று கம்பி நாரைத் தொட்டால் அன்றோடு வேறு பிரிவுக்குப் போக வேண்டியதுதான். கீறல் விழுந்த இடத்தில்தான் கிருமி குடியேறும். ஒருத்தியை அப்படி அனுப்பியும் இருக்கிறாள், அழுதுகொண்டே போனாள் அந்தப் பெண், பெயர்கூட மறந்துவிட்டது. வேலை பார்த்த காலம் முழுக்கக் கம்பி நாரைக் கையால் தொடாதவள் அன்றைக்கு மட்டும் எதிர்க் கடைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு போய் ஏன் அதை வாங்கிவந்தாள்? வீட்டில் பச்சை ஸ்க்ரப்பர் இருந்தது, தேங்காய் நாரும் இருந்தது. இந்த இடத்தில் வந்து யோசனை முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும் என்று பயந்து அவள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய்விடுகிறாள்.

திரும்பிப் போனால் சுகிர்தாவின் போன். சனிக்கிழமை காலை, காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. சுகிர்தா அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சித்தி என்றும் இல்லை, அம்மா என்று எதிர்பார்க்கவும் முடியாது, ஆன்ட்டி என்பது அந்தப் பெண்ணுக்கே அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும். ‘வந்து’ என்றுதான் தொடங்குவாள். வந்து, அப்பா இருக்காரா. வந்து, அந்தத் தோசைக்கல்லை நான் எடுத்துக்கட்டுமா, அம்மாவோடது, இங்கே புது வீட்டில் எந்தக் கல்லிலும் சரியாக வரவில்லை. தாராளமாக எடுத்துக்கோம்மா என்றாள் தவமணி, அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டுக் கல்லை எடுத்துப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில்தான் தோசை வார்க்கிறாள், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தாள். விளிம்பில் தடித்தடியாகக் கறுப்பு, பிடியின் அடியில் பாளம்பாளமாக, விரலை வைத்தால் வழவழவென்று, அடுப்பை அணைத்து வெகுநேரமானாலும் ஈரம் போல ஒரு மினுமினுப்பு. அவளுக்குத் தெரிந்த கறுப்பில் ஒரே ஒரு கறுப்புதான் நல்ல கறுப்பு: சாமான் கட்டுகளின்மேல் ஒட்டுகிற நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும், நீராவி பட்டு அவை கறுத்தால் உள்ளே இருப்பது சுத்தம் என்று அர்த்தம். மற்ற கறுப்பெல்லாம் யாரோ சரியாக வேலை செய்யாததற்கு அடையாளம். ஒன்றை இன்னொருவர் கையில் கொடுப்பதென்றால் கழுவி, உலர்த்தி, துணியில் சுற்றி, நாடா ஒட்டி, தேதி போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விதத்தில் கொடுக்க அவளுக்குத் தெரியாது. இதுவரைக்கும் எல்லாம் சரி. இதை அப்படியே சுகிர்தாவிடம் சொல்லலாம், பொய் இல்லை. ஆனால் மத்தியானம் தேய்க்க உட்கார்ந்தபோது நடந்ததைச் சொல்ல முடியாது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சோடாத் தண்ணீர் தார் மாதிரி வழிந்தது. பிறகு நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாதாரணச் சந்தோஷம் இல்லை, தொண்டையில் ஏறுகிற சந்தோஷம். விரல் முட்டி தோல் உரிந்தது, நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது ராத்திரி தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. செத்துப்போன ஒருத்தியின் கைத்தடத்தைத் தேய்த்து எடுக்கும்போது ஒருத்திக்கு அப்படிச் சந்தோஷம் வருமென்றால் அவள் எப்படிப்பட்டவள்? கூடத்தில் மாட்டியிருக்கும் கோமளாவின் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ வைப்பது தவமணிதான். கொஞ்சம் பல் தெரியச் சிரிக்கிற முகம். அந்த முகத்தோடு ஒரு நாளும் சண்டை போட்டதாக அவளுக்கு நினைவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்போல. தெரிந்தே பொறாமைப்படுவது ஒரு வகை. தெரியாமலே உள்ளே இருந்து, கம்பி நார் வாங்கக் கடைக்கு அனுப்புகிற பொறாமை வேறு வகை. நோயிலும் அப்படித்தான், காய்ச்சல் காட்டுகிறதை நம்பலாம், காட்டாததுதான் ஆளைக் கொல்லும்.

அன்று சாயங்காலம் சபாபதி நடைப்பயிற்சி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி அளவெடுப்பது போலத்தான் பார்ப்பார். கல்லைப் பார்த்தார். சொம்பு பாதி வழியில் நின்றது. தேய்ச்சிட்டீங்களா என்றார். ரொம்ப அழுக்கா இருந்துச்சு என்றாள். சரி, சரி என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டு, குடிக்காமலே சொம்பை வைத்துவிட்டு, ஓர் அடி பின்னால் போய், பிறகு திரும்பிக் கூடத்துக்குப் போனார். டிவி சத்தம் நின்றது. அந்த முகத்தை அவள் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள், அறுவை அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம். மறுநாள் காலை வார்த்த தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதைச் சுரண்டி எடுத்துத் தட்டில் குவித்து வைத்தாள். சபாபதி அதைச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடுங்க என்றுகூடக் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. எண்ணெயும் சூடும் வருஷக்கணக்காக ஏறி ஏறி உண்டாவதுதான் அந்தக் கறுப்பு, அதுதான் தோசையை விடுவிக்கிறது, அதைக் கெட்டியாகக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரி சொல்லி அவள் அறிந்துகொண்டது அன்றைக்குத்தான். எதிர்வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டு, ஐயோ, கோமளாக்கா கல்லா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு சபாபதி ஒரு விருந்தாளியை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி நடந்துகொண்டார். பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த அடுப்படிக் குழாயை, அவள் பத்துத் தடவை சொல்லியும் பார்க்கலாம் பார்க்கலாம் என்றிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாஷர் வாங்கிவந்து குந்தி உட்கார்ந்து மாற்றினார். திங்கட்கிழமை அல்வா வாங்கிவந்தார். தன் துணியைத் தானே மடித்து வைத்தார். துக்கத்தை இப்படியும் சிலர் காட்டுவார்கள், அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொள்வதற்குக்கூட உரிமை இருப்பவர்களிடம்தான் கோபித்துக்கொள்வார்கள். மற்றவர்களிடம் மரியாதையாக இருப்பார்கள். அவர் அவளை இன்றைக்கும் நீங்க, வாங்க என்றுதான் சொல்கிறார். ஆரம்பத்தில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் ஒருவர் வந்து வாடி போடி என்றால் நன்றாகவா இருக்கும். பிறகு ஒரு நாள் பிடிக்காமல் போயிற்று, எந்த நாள் என்று யோசித்தால், அவருடைய பழைய நண்பர் மகன் கல்யாணம்தான். பந்திக்குப் போகிற வழியில் ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சபாபதி, எத்தனை காலமாச்சு என்றார். இவர் அவள் பக்கம் கையைக் காட்டி, இவங்க தவமணி, பெரிய ஆஸ்பத்திரியில இருந்தாங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதர் முகம் சட்டென்று வாடி, ஏன், உடம்புக்கு என்ன, கூடவே ஆள் வைத்துக்கொள்கிற அளவுக்கு என்று கேட்டார். சபாபதி சிரித்து, அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறதாமே என்று பேச்சை மாற்றினார். அந்த நண்பர் போகும்போது அவளிடம் வந்து, சாரை நல்லா பாத்துக்கங்கம்மா என்றார். சரிங்க என்றாள். சரிங்க என்று சொன்ன வாயால் அப்புறம் பந்தியில் உட்கார்ந்து பால் பாயசமும் குடித்தாள். இது பெரிய விஷயமில்லை. அவர் கூச்ச சுபாவம், மறுகல்யாணம் என்று சொல்ல நாக்கு வராது, யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அது போன வெள்ளிக்கிழமை, கல்லைத் தேய்த்ததற்கு முந்தின நாள். இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும், சாமான் வாங்க வந்த இடத்தில்.

வலையை ஆணியில் மாட்டிவிட்டுத் தேங்காய் நாரை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனால் லேசான மக்கிய வாசனை. இது எதையும் கீறாது. ஆனால் ஒட்டிய மாவை எடுக்குமா என்பது சந்தேகம். மரப்பிடி பிரஷ் சூட்டைத் தாங்கும், கல் சூடாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்துத் தேய்க்கலாம். சூடாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும், சோப்பு கூடாது, ஊறப்போடக் கூடாது, உடனே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் சொல்லிக்கொடுத்ததற்கு ஒவ்வொன்றும் நேர் எதிர். ஊறப்போடு, சோப்பில் கழுவு, எண்ணெய்ப் பசை தெரிந்தால் திருப்பி அனுப்பு. ஒன்றின்மேல் நேற்று நடந்தது எதுவும் இன்றைக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கியவள், நேற்றும் முந்தாநாளும் அதற்கு முன்னாலும் நடந்ததெல்லாம் தெரிய வேண்டிய ஒரு பொருளின் முன்னால் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். அப்படிப் பார்த்தால் அந்த வீடே அப்படிப்பட்டதுதான். அலமாரிக் கதவில் சுகிர்தாவின் உயரத்தைக் குறித்த பேனாக் கோடுகள், பாட்டிலில் பாதி இருக்கிற யாரும் போடாத தைலம். அவற்றையெல்லாம் அவள் தொடவில்லையே. தொடாமல் சுற்றிக்கொண்டே துடைக்கிறாளே. அதைச் சொல்லலாமா சுகிர்தாவிடம்? வேண்டாம், சொன்னால் குறை சொல்வது போலாகும். கீழ்த் தளத்தில் புதுக் கற்கள் அடுக்கியிருந்ததை ஏறி வரும்போதே பார்த்தாள், ‘பழக்கிய கல்’ என்று அட்டை தொங்கியது, கம்பெனியிலேயே எண்ணெய் காய்ச்சிக் கறுக்கவைத்து விற்கிறார்கள். ஏறக்குறைய அதே அளவு. அதை வாங்கிப்போய்ச் செய்தித்தாளில் சுற்றி இந்தாம்மா என்று கொடுத்துவிட்டால்? ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷம் அவள் உண்மையாகவே அதை நினைத்தாள், படியேறும் முன்பே ஒரு கல்லைத் தூக்கியும் பார்த்திருந்தாள். அது இலேசாக இருந்தது. அந்தப் பெண் கையில் வாங்கியவுடனே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடிக்காவிட்டால் அதைவிட மோசம், யாரோ ஒருவர் எண்ணெயில் காய்ச்சிய கறுப்பைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டு அவள் பெங்களூரில் தினமும் காலையில் எண்ணெய் தடவுவாள். அதற்கு வெளுத்த கல்லே தேவலை. வெளுத்ததைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாள், அப்பாவிடம் தனியாகப் பேசுவாள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததில் தவமணி இனிமேல் வயதாகி முடியும்வரை இருக்க வேண்டியதுதான். கத்தமாட்டார்கள், வெளியே போ என்று சொல்லமாட்டார்கள், குழாய் சொட்டினால் உடனே சரிசெய்து கொடுத்து, அல்வா வாங்கிக் கொடுத்து, நீங்க வாங்க என்று பேசி. கையிலிருந்த தேங்காய் நாரைப் பிசைந்து பிசைந்து அது பாதி உதிர்ந்திருந்தது. விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எடுத்துக்கறேம்மா என்றாள் தவமணி அவசரமாக.

அப்போது கைப்பைக்குள் போன் அடித்தது. சுகிர்தா.

“வந்து...” என்றது குரல். “நான் வீட்டுக்கு வந்துட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தி கார்ல இந்தப் பக்கம் வந்தா, கூடவே ஏறிட்டேன்.”

சாப்பிட்டாயா என்று கேட்டாள் தவமணி.

“சாப்பிடலாம்னுதான் அடுப்படிக்குப் போனேன். கல்லைப் பார்த்தேன்.”

கடையில் யாரோ எவர்சில்வர் தட்டுகளை அடுக்கினார்கள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம், அழுக்கு என்று நினைத்தது, சுத்தமாகக் கொடுக்க நினைத்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு குழம்பின.

“அப்பா என்ன பண்ணினார்?” என்றாள் சுகிர்தா.

“அப்பா ஒண்ணும் பண்ணலைம்மா. நான்தான் கல்லை...”

“நீங்கதான்னு தெரியுதே. உங்களை இப்படித் தேய்க்க வைக்கிற அளவுக்கு அப்பா என்ன பண்ணினார்னு கேக்கறேன்.”

தவமணிக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கவிழ்த்த அண்டாவின்மேல் உட்கார்ந்துகொண்டாள். சுகிர்தா சொல்லத் தொடங்கினாள், ‘வந்து’ இல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவளுடைய அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தவும் தெரியாது, அழவும் தெரியாதாம். தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு துவைக்கும் கல் பக்கம் போய்விடுவாளாம். வெளுக்கிறவரைக்கும் தேய்ப்பாளாம். ஒருமுறை யாரையும் கேட்காமல் அப்பா வேறு ஊருக்கு மாற்றலுக்குச் சம்மதித்துவிட்டு வந்தபோது. ஒருமுறை அத்தை வீட்டுக் கல்யாணத்தில் அவர் அம்மாவின் சமையலை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தபோது. இன்னும் எத்தனையோ முறை, காரணம்கூடத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுகிர்தா பையைப் போடுவதற்கு முன்னால் கல்லைத்தான் எட்டிப் பார்ப்பாளாம். வெளுத்திருந்தால் ஒரு மாதத்துக்குத் தோசை கிடையாது, உப்புமாதான். கல் மறுபடி கறுத்துத் தோசை வழுக்கிக்கொண்டு வருகிறவரைக்கும் அப்பாவுக்கு அந்த வீட்டில் தண்டனைக் காலம். என்ன செய்தோம் என்று அவரே கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும், அம்மாவாகச் சொல்லமாட்டாள்.

“உள்ள நுழைஞ்சதும் குழாய் சொட்டற சத்தம் கேக்கலை. அப்பவே நினைச்சேன்” என்றாள். “அப்பாவுக்குப் பயம் வந்தா முதல்ல குழாயைத்தான் ரிப்பேர் பண்ணுவார். அல்வா வாங்கிட்டாரா?”

“வாங்கிட்டார்” என்றாள் தவமணி.

“அப்ப பெரிசாத்தான் பண்ணியிருக்கார்.”

பாதி வழியில் நின்ற சொம்பு, பின்னால் எடுத்து வைத்த ஓர் அடி, சரி, சரி. அறுவை அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் என்று அவள் நினைத்தது சரிதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் போனவர்களை நினைத்து அப்படி இருப்பதில்லை, உள்ளே இருப்பவரை நினைத்துத்தான் அப்படி இருப்பார்கள். இத்தனை வருஷம் அந்த வாசலைக் கடந்து போய் வந்தவளுக்கு அதுகூடத் தெரியாமல் போயிற்று. அந்த மனிதர் நாலு நாளாக, என்ன செய்தோம் என்று தெரியாமல் கிழிந்த தோசையை மென்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு. அம்மாவோட கறுப்பு எல்லாம் போயிடுச்சேம்மா என்று கேட்டாள், அதைக் கேட்காமல் விட முடியவில்லை. அது அம்மாவுடையது இல்லை என்றாள் சுகிர்தா. கடைசிக் காலத்தில் அம்மாவும் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் போனாளாம், எதற்கென்று தெரியாது, அப்பா கண்டுபிடித்துச் சொல்வதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஏறியதெல்லாம் அப்பா ஒண்டியாகச் சுட்டுத் தின்ற தோசை. இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு இல்லை. தவமணி உரிந்து காய்ந்த தன் விரல் முட்டியைப் பார்த்தாள். அங்கேயே மாட்டிக்கொண்டிருந்த முந்தானை, யாரும் இழுக்காமலே, முள்ளிலிருந்து விடுபட்டு வந்தது.

“கல்யாண வீட்டுல என்னை யாருன்னு சொல்லலைம்மா” என்றாள். “அவரோட சிநேகிதர் கேட்டார். வீட்டுக்கு வெச்சிருக்கிற நர்ஸுன்னு நினைச்சுக்கிட்டார். இவர் சிரிச்சுட்டு ரசத்தைப் பத்திப் பேசினார்.”

சொல்லி முடித்ததும் முகம் சூடாகிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு பெண்ணிடம், மகள் முறையுள்ள ஒருத்தியிடம், ரசத்தைப் பற்றிப் புகார். மறுமுனையில் சுகிர்தா போனைக் காதிலிருந்து எடுத்து, ஆனால் கேட்கிற மாதிரியே, கூடத்துப் பக்கம் திரும்பிப் பேசுவது கேட்டது.

“அப்பா. பேப்பரைக் கீழ வெச்சுட்டு இங்க வாங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத காலடிகள், மெதுவாக. சுகிர்தா மறுபடி போனுக்கு வந்தாள். “கல்லை இந்தத் தடவை நான் கொண்டுபோகலை. இப்ப எடுத்துட்டுப் போனா அப்பா தப்பிச்சுடுவார். கறுத்தப்பறம் வந்து வாங்கிக்கறேன். நீங்க வாங்க, ராத்திரிக்கு உப்புமா பண்ணிடலாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தவமணி அண்டாவின்மேல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் எண்ணெய் தடவி, காய்ச்சி, துடைத்து, மறுபடி தடவி. எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் அவர் ஒவ்வொரு காலையும் கிழிந்ததைத்தான் தின்ன வேண்டும், அவள்தான் அதைச் சுரண்டி வைக்க வேண்டும். தாடையைத் தடவிப் பார்த்தாள், வலி இல்லை. எழுந்து, உதிர்ந்த நாரை ஒதுக்கிவிட்டு நல்லதாக ஒரு தேங்காய் நார் எடுத்துக்கொண்டாள். படி வரைக்கும் போனவள் நின்று, திரும்பி வந்து, குனிந்து, கூடையிலிருந்து ஒரு கம்பி நாரை எடுத்தாள்.

“அக்கா, அது அந்தக் கல்லுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள் விற்பனைப் பெண்.

“ஆகாதுதான்” என்றாள் தவமணி. “வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்.”